"அட்டவணையிலிருந்து காட்டுகிறது": இந்தோனேசிய மாணவர்களின் ஆங்கில எழுத்தைப் பற்றிய ஆய்வுகள் எங்கே சறுக்குகின்றன?

1 · சொல்லேர்

இந்தோனேசியப் பல்கலைக்கழகங்களில் ஆங்கிலக் கல்வித் துறை இளநிலை மாணவர்கள் பட்டத்துக்காக எழுதும் ஸ்க்ரிப்ஸிகளில் (ஆய்வேடுகளில்) ஒரு வகை திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு வகுப்பில் 30 கட்டுரை வாங்குவது, டூலே, பர்ட், க்ராஷென் 1982-இல் தந்த நான்கு பெட்டிகளில் (விடுபடல், கூடுதல், உருச்சிதைவு, இடமாற்றம்) பிழைகளைப் போடுவது, சதவீத அட்டவணை, கடைசியில் "தாய்மொழித் தாக்கமே காரணம்" என்ற முடிவு. பல ஆய்வுகளில் விடுபடல்தான் முதலிடம். அது தெரிய 30 கட்டுரை தேவையில்லை. பஹாசா இந்தோனேசியா மொழியில் ஆர்ட்டிகிள் ('அ', 'ஆன்', 'த') இல்லை, வினைச்சொல் காலத்துக்கு உருமாறாது, பன்மை கட்டாயமில்லை. இலக்கணப் புத்தகத்தைத் திறந்தாலே முடிவை ஊகித்துவிடலாம்.

ஆனால் விரிவுரையாளர்கள் சிவப்பு மையில் அதிகம் வட்டமிடும் வாக்கியம் இந்த நான்கு பெட்டியில் எதிலும் சரியாக உட்காராது:

"ஃப்ரம் த டேபிள் அபவ் ஷோஸ் தட்..."

எழுவாய் இல்லை. மேலே உள்ள அட்டவணையிலிருந்து காட்டுகிறது. யார் காட்டுகிறார்கள்? இதன் தம்பி ஒன்று உண்டு: "அக்கார்டிங் டு பிரவுன் ஸ்டேட்டட் தட்..."

இவை எங்கிருந்து வருகின்றன, இவற்றையும் சேர்த்துப் பிடிக்கும்படி ஓர் ஆய்வை எப்படி அமைப்பது என்று பேசலாமா? இந்தோனேசிய மாணவர்களோடு வேலை செய்பவர்களும் அந்த ஆய்வுகளைப் படிப்பவர்களும் இங்கே சிலர் இருக்கிறீர்கள்.

2 · தரவுக்கிளி

முதலில் சதவீதத்தைத் தீர்த்துவிடுவோம். நோயின் வேர் அதுதான்.

"மொத்தப் பிழைகளில் 45% விடுபடல்" என்றால் அந்த 45-க்குக் கீழே என்ன இருக்கிறது? மற்ற பிழைகள். மாணவர் எத்தனை முறை சரியாக எழுதினார் என்பது எங்கும் இல்லை. ஒரு கற்பனைக் கணக்கு:

மாணவர் அ: ஆர்ட்டிகிள் வர வேண்டிய இடங்கள் 30. சரியாகப் போட்டது 18, விட்டது 12.
மாணவர் ஆ: வர வேண்டிய இடங்கள் 8. சரி 2, விட்டது 6.

பிழை எண்ணிக்கையில் அ இரு மடங்கு மோசம். கட்டாய இடங்களில் சரியாக வந்த விகிதத்தைப் பார்த்தால் அ 60%, ஆ 25%. வாக்கியத்தை நீட்டி எழுதத் துணிந்தவருக்கு அபராதம், சுருக்கி ஒளிந்துகொண்டவருக்குப் பரிசு. ஷாக்டர் 1974-லேயே இதைச் சொல்லிவிட்டார். கடினமான அமைப்பைத் தவிர்ப்பவர் பிழைப் பட்டியலில் நல்லவராகத் தெரிவார்.

இன்னொன்று, வேண்டாத இடத்தில் 'த' போடுவதும் கணக்கில் வர வேண்டும். அ வேண்டாத 6 இடங்களில் போட்டிருந்தால் 18-ஐ 30-ஆல் வகுக்கக் கூடாது. 30+6, அதாவது 36-ஆல் வகுக்க வேண்டும். 50% ஆகிவிடும். ஆர்ட்டிகிளுக்கு இந்த இரண்டாவது கணக்கே நியாயம். புதிதாகக் கற்றுக்கொண்டவர்கள் கண்ட இடத்திலெல்லாம் 'த' தெளிப்பார்கள், முதல் கணக்கு அதை முன்னேற்றம் என்று காட்டும்.

பொதுவான துல்லியத்துக்கு 100 சொல்லுக்கு எத்தனை பிழை என்றோ, பிழையற்ற டி-யூனிட் எத்தனை என்றோ கொடுக்கலாம். டி-யூனிட் ஹன்ட் 1965-இல் தந்த அலகு: ஒரு முதன்மை வாக்கியமும் அதைச் சார்ந்த துணை வாக்கியங்களும். முற்றுப்புள்ளி வைக்கத் தெரியாத மாணவர்களின் எழுத்தில் 'வாக்கியம்' என்ற அலகை நம்ப முடியாது என்பதால் இது உதவும்.

3 · பினாங்குத்தமிழ்

மலாய் படித்தவர்களுக்கு இதெல்லாம் அடுத்த வீட்டுச் சங்கதி. அவர்கள் மொழியில் 'டியா' என்றால் அவனும்தான் அவளும்தான். அதனால் ஒரே பத்தியில் அம்மா 'ஹி' ஆகிவிடுவார். 'மெம்பாஹாஸ் தெந்தாங்' அப்படியே 'டிஸ்கஸ் அபௌட்'. 'பெர்பெடா டெங்ஙான்' என்பது 'டிஃபரென்ட் வித்'. 'மெங்கிகூத்தி உஜியான்' என்பது தேர்வைப் 'ஃபாலோ' பண்ணுவது. 'மெனுருத் சாயா' என்பது 'அக்கார்டிங் டு மீ'.

கடைசியைத் தமிழர்களும் தாராளமாகச் சொல்கிறோம், அதனால் ரொம்பச் சிரிக்க வேண்டாம்.

4 · வாக்கியப்பித்தன்

@சொல்லேர் கேட்ட அந்த வாக்கியத்துக்கு வருகிறேன்.

இந்தோனேசிய மாணவர்கள் தம் மொழியிலேயே இப்படித்தான் எழுதுகிறார்கள்: "டாரி தாபெல் டி அத்தாஸ் மெனுஞ்சுக்கான் பஹ்வா". டாரி = இலிருந்து, தாபெல் டி அத்தாஸ் = மேலுள்ள அட்டவணை, மெனுஞ்சுக்கான் = காட்டுகிறது, பஹ்வா = என்று. ஆங்கிலம் அதன் சொல்லுக்குச் சொல் நகல்.

ஆனால் கவனியுங்கள், இது இந்தோனேசிய மொழியிலும் தவறு. அங்கே 'கலிமாத் ரன்ச்சு', குழம்பிய வாக்கியம் என்று இதற்குப் பெயரே இருக்கிறது. இரண்டு சரியான வாக்கியங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கின்றன: "தாபெல் டி அத்தாஸ் மெனுஞ்சுக்கான்" (அட்டவணை காட்டுகிறது), "டாரி தாபெல் டி அத்தாஸ் தெர்லிஹாத்" (அட்டவணையிலிருந்து தெரிகிறது). "மெனுருத் பிரவுன் மெஞாத்தாக்கான்" கதையும் இதுவே. 'மெம்பாஹாஸ் தெந்தாங்' கூட அங்குள்ள மொழி ஆசிரியர்கள் திருத்துவதுதான். 'மெம்பாஹாஸ்' தனியாகவே போதும்.

அப்படியானால் இதைத் 'தாய்மொழி இலக்கணத் தாக்கம்' என்று எழுதுவது பிழை. தாய்மொழி இலக்கணம் இதை அனுமதிக்கவில்லை. மாணவர் எந்த மொழியிலும் கல்வி நடை எழுதப் பழகவில்லை, அந்தப் பழக்கமின்மை ஆங்கிலத்திலும் தெரிகிறது. இரண்டுக்கும் மருந்து வேறு. முதலாவதற்கு ஆங்கில இலக்கணப் பயிற்சி. இரண்டாவதற்கு, பல்கலைக்கழகங்களில் 2012 உயர்கல்விச் சட்டப்படி கட்டாயமாக இருக்கும் பஹாசா இந்தோனேசியா பாடமும் ஆங்கில எழுத்துப் பாடமும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வது. பல துறைகளில் இந்த இரண்டு ஆசிரியர்களும் ஒரே மேசையில் உட்காருவதில்லை.

இன்னொரு முடிச்சு. 'தாய்மொழி' என்று எதைச் சொல்கிறோம்? அந்த நாட்டில் 700-க்கு மேல் மொழிகள். 1928 அக்டோபர் 28 இளைஞர் உறுதிமொழி பஹாசா இந்தோனேசியாவை ஒற்றுமை மொழியாக ஏற்றது, வீட்டு மொழிகளை அது அழித்துவிடவில்லை. சுரபாயா மாணவருக்கு வீட்டில் ஜாவா மொழி, பாண்டுங் மாணவருக்குச் சுண்டா, படாங் மாணவருக்கு மினாங்கபாவ் இருக்கலாம். ஆங்கிலம் பலருக்கு மூன்றாவது மொழி. பங்கேற்பாளர் படிவத்தில் 'தாய்மொழி: இந்தோனேசியம்' என்று முன்கூட்டியே அச்சடித்துவிட்டு, பிறகு தாய்மொழித் தாக்கம் என்று முடிவு எழுதுவது வேடிக்கை. குறைந்தது மூன்று கேள்வி வையுங்கள்: பள்ளிக்கு முன் வீட்டில் பேசிய மொழி, இப்போது நண்பர்களோடு பேசும் மொழி, முதலில் எழுதக் கற்ற மொழி.

5 · புதுவரவு

குழப்பமாக இருக்கிறது. ஒரு பிழை மொழியிலிருந்து வந்ததா, நடைப் பழக்கத்திலிருந்து வந்ததா, எல்லோரும் கற்கும்போது செய்வதா என்று எப்படிப் பிரிப்பது? படித்துப் பார்த்து ஊகிப்பதுதானா?

6 · தரவுக்கிளி

ஊகிக்க வேண்டாம். ஸ்காட் ஜார்விஸ் 2000-இல் மூன்று சோதனைகள் வகுத்தார். எளிமையாகச் சொன்னால்: ஒரே மொழிக்காரர்கள் ஒரே மாதிரி செய்கிறார்களா? வேறு மொழிக்காரர்கள் வேறு மாதிரி செய்கிறார்களா? அவர்கள் தம் மொழியில் செய்வதும் ஆங்கிலத்தில் செய்வதும் பொருந்துகிறதா? பெரும்பாலான ஸ்க்ரிப்ஸிகள் முதல் சோதனையை மட்டும் பாதி செய்கின்றன. ஒப்பீட்டுக் குழுவே இருக்காது.

ஒப்பீட்டுக் குழு இலவசமாகக் கிடைக்கிறது. கோபே பல்கலைக்கழகத்தின் ஷின்இச்சிரோ இஷிகாவா உருவாக்கிய இக்னாலே என்ற தொகுப்பில் ஆசிய மாணவர்களின் ஆங்கிலக் கட்டுரைகள் உள்ளன. ஒப்பீட்டுக்காகச் சேர்த்த 200 ஆங்கிலத் தாய்மொழிக்காரர்கள் உட்பட 2,800 பேர், ஆளுக்கு 2 கட்டுரை, மொத்தம் 5,600. இந்தோனேசியப் பங்கு 200 பேர், 400 கட்டுரை. எல்லோருக்கும் அதே இரண்டு தலைப்பு: கல்லூரி மாணவர்கள் பகுதிநேர வேலை செய்வது, உணவகங்களில் புகைத்தலைத் தடை செய்வது. 200 முதல் 300 சொல், 20 முதல் 40 நிமிடம், அகராதி கிடையாது. தலைப்பும் நேரமும் ஒன்றாக இருப்பதுதான் இதன் அருமை. (பாகிஸ்தானும் சிங்கப்பூரும் உண்டு. இந்தியா இல்லை.)

செய்முறை:

இந்தோனேசியக் கோப்புகளையும் தாய்லாந்து, ஜப்பான் கோப்புகளையும் எடுங்கள். கோப்பின் பெயரிலேயே நாடு, தலைப்பு, திறன் நிலை (ஏ2, பி1, பி2 என ஏறும்) இருக்கும். ஒரே நிலையைத்தான் ஒப்பிட வேண்டும். இந்தோனேசிய பி1-ஐ ஜப்பானிய ஏ2-வோடு வைத்தால் தெரிவது மொழி வேறுபாடு அல்ல, திறன் வேறுபாடு.

லாரன்ஸ் ஆன்தனியின் ஆன்ட்காங்க் மென்பொருளில் திறந்து, 'ஆல்தோ'வுக்குப் பின் 10 சொல்லுக்குள் 'பட்' வருகிறதா என்று தேடுங்கள். 'மெஸ்கிப்புன்... தெத்தாப்பி' என்ற இரட்டை இணைப்பு இதற்குக் காரணம் என்று இந்தோனேசியாவில் எழுதுவார்கள். சீன மாணவர் கோப்பிலும் தேடிவிட்டு எழுதுங்கள். சீன மொழியிலும் இரட்டை இணைப்பு உண்டு. படர்க்கை ஒருமை 'எஸ்' விடுபடலும் அப்படித்தான். எல்லா நாட்டுக் கோப்பிலும் கண்ணில் படும் ஒன்றைத் தனியாக இந்தோனேசியத் தாக்கம் என்று சொல்ல முடியாது.

ஒரு எச்சரிக்கை: இல்லாததை மென்பொருள் தேடித் தராது. விடுபட்ட ஆர்ட்டிகிளை, விடுபட்ட 'இஸ்'-ஐக் கையால்தான் குறிக்க வேண்டும். 40 கட்டுரை எடுத்து ஒன்றுக்கு 20 நிமிடம் வைத்தாலும் 13 மணி நேரத்துக்கு மேல். அதில் 8 கட்டுரையை இரண்டாவது ஆள் தனியே குறித்து ஒப்பிட வேண்டும். இந்த உழைப்பு பிடிக்காமல்தான் பலர் நேரே சதவீதத்துக்குப் போகிறார்கள்.

மூன்றாவது சோதனைக்கு, உங்கள் மாணவர்களிடமே அதே தலைப்பில் இந்தோனேசிய மொழியிலும் ஒரு கட்டுரை வாங்குங்கள். பாதிப் பேர் முதலில் இந்தோனேசியம், பாதிப் பேர் முதலில் ஆங்கிலம். இடையே இரண்டு வாரம். எல்லோரும் முதலில் இந்தோனேசியத்தில் எழுதினால் ஆங்கிலக் கட்டுரை மொழிபெயர்ப்பு ஆகிவிடும். அட்டவணை வாக்கியம் போன்றவற்றுக்குக் கருத்துக் கட்டுரை போதாது. ஒரு சிறு அட்டவணையைக் கொடுத்து விவரிக்கச் சொல்ல வேண்டும்.

7 · கடலோரன்

எல்லாரும் வாக்கியத்துக்குள்ளேயே நிற்கிறீர்கள். உண்மையான சிக்கல் பத்தி அமைப்பில். கிழக்காசியர்கள் சுற்றி வளைத்து எழுதுவார்கள் என்று கப்லான் 1966-லேயே வரைபடம் போட்டுக் காட்டினாரே. இந்தோனேசியர்களும் அப்படித்தான்.

8 · வாக்கியப்பித்தன்

கப்லானின் அந்தச் சுருள் வரைபடம் சீன, கொரிய மொழிக்காரர்களை வைத்துச் சொன்னது. இந்தோனேசியர்கள் அதில் இல்லை. அவர் பார்த்தது ஆங்கிலத்தில் எழுதிய மாணவர் கட்டுரைகளை. தாய்மொழிக் கட்டுரைகளை அல்ல. அவரே பிற்பாடு தளர்த்திக்கொண்ட கருத்து. 'இன்ன நாட்டார் இப்படித்தான் யோசிப்பர்' என்று ஒரு ஸ்க்ரிப்ஸியில் எழுதினால் நல்ல தேர்வாளர் அங்கேயே நிறுத்திவிடுவார்.

9 · ஏட்டுச்சுவடி

இருவருக்கும் நடுவே ஒன்று இருக்கிறது. அமைப்பில் வேறுபாடு உண்டு, அதற்கு மனப்போக்கைத் தேட வேண்டியதில்லை. படிவமே காரணம்.

ஸ்க்ரிப்ஸியின் முதல் அத்தியாயம் பெரும்பாலும் இந்த வரிசையில் நிர்ணயிக்கப்பட்டது: லாத்தார் பெலாகாங் (பின்னணி), ருமுசான் மசாலா (சிக்கல் வரையறை), துஜுவான் (நோக்கம்), மன்ஃபாஅத் (பயன்). பின்னணியில் மாணவர் எழுதுவது: ஆங்கிலம் உலக மொழி, பாடத்திட்டம் இன்னதை எதிர்பார்க்கிறது, ஆனால் இந்தப் பள்ளியில் நிலை இப்படி. அதாவது இருக்க வேண்டியது ஒன்று, இருப்பது ஒன்று. முந்தைய ஆய்வுகள் இரண்டாம் அத்தியாயத்துக்குப் போய்விடும்.

ஸ்வேல்ஸ் 1990-இல் காட்டிய ஆங்கில ஆய்வுக் கட்டுரை முன்னுரைக்கு மூன்று நகர்வுகள்: களத்தை நிறுவுதல், அதில் ஒரு வெற்றிடத்தைக் காட்டுதல், அதை நிரப்புதல். இரண்டாம் நகர்வில் 'முந்தைய ஆய்வுகள் இதைப் பார்க்கவில்லை' என்று சொல்ல வேண்டும். பெங்குலு பல்கலைக்கழகத்தின் சஃப்னில் இந்தோனேசிய ஆய்வுக் கட்டுரை முன்னுரைகளைப் பிரித்துப் பார்த்தபோது தெரிந்தது, அங்கே நியாயப்படுத்தல் பெரும்பாலும் நடைமுறைச் சிக்கலிலிருந்தும் கொள்கையிலிருந்தும் வருகிறது, பிறர் ஆய்வின் குறையிலிருந்து அல்ல என்பது. நாட்டுக்குள் உள்ள இதழுக்கு அது போதும். வெளிநாட்டு இதழ் 'புதுமை எங்கே?' என்று கேட்டுத் திருப்பி அனுப்பும்.

இது சும்மா நடைப் பிரச்சினை இல்லை. 2012 ஜனவரியில் வந்த உயர்கல்வி இயக்ககச் சுற்றறிக்கை இளநிலை, முதுநிலை, முனைவர் என மூன்று மட்டத்திலும் இதழ் வெளியீட்டைப் பட்டத்தோடு கட்டியது. 2017-இல் சிந்தா என்ற அரசுத் தரவரிசை வந்தது, இதழ்களுக்கு 1 முதல் 6 வரை தரம். ஆகவே ஸ்க்ரிப்ஸியை வெட்டிக் கட்டுரையாக்குவது ஒரு தொழிலாகவே ஆயிற்று. வெட்டும்போது முதல் அத்தியாயத்தை மட்டும் சுருக்கி முன்னுரை ஆக்குகிறார்கள், இரண்டாம் அத்தியாயம் தூக்கியெறியப்படுகிறது. வெற்றிடத்தைக் காட்டும் சரக்கு அந்த இரண்டாம் அத்தியாயத்தில்தான் இருந்தது.

செய்ய வேண்டியது தலைகீழ். இரண்டாம் அத்தியாயத்திலிருந்து மிக நெருங்கிய 5 அல்லது 6 ஆய்வுகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் யாரை, எதை, எப்படி அளந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த வரிகளை அடுக்கினால் காலியாக இருக்கும் கட்டம் தானே தெரியும். அதுதான் முன்னுரையின் நடுப் பத்தி. 'இந்தப் பள்ளியில் யாரும் செய்யவில்லை' என்பது வெற்றிடம் ஆகாது.

2023-இல் வந்த அமைச்சர் ஒழுங்குமுறை எண் 53-க்குப் பிறகு இளநிலைக்கு ஸ்க்ரிப்ஸி மட்டுமே வழி என்ற கட்டாயம் இல்லை. துறைகள் செயல்திட்டம் போன்ற வேறு வடிவங்களையும் வைக்கலாம்.

10 · சொல்லேர்

தலைப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'பெங்காரு எக்ஸ் தெர்ஹாடாப் ஒய்' (ஒய் மீது எக்ஸின் தாக்கம்) என்ற அச்சு அப்படியே 'தி இன்ஃப்ளுவன்ஸ் ஆஃப் யூசிங் எக்ஸ் டுவர்ட்ஸ் ஒய்' ஆகிறது. பின்னால் வகுப்பு, பள்ளி, ஊர், கல்வியாண்டு என்று ரயில் பெட்டி மாதிரி. 'எஃபெக்ட்... ஆன்' என்று மாற்றி, ஊரையும் ஆண்டையும் முறையியல் பகுதிக்கு அனுப்பினால் பாதி நீளம் குறையும்.

படிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: 'சிஸ்வா' பள்ளி மாணவர், 'மஹாசிஸ்வா' பல்கலைக்கழக மாணவர். ஆங்கிலச் சுருக்கத்தில் இரண்டும் 'ஸ்டூடன்ட்ஸ்'. இளநிலை ஸ்க்ரிப்ஸியும் முதுநிலை 'தெசிஸ்'-உம் ஆங்கிலத்தில் 'தீசிஸ்'. பல ஆய்வுகளைத் தொகுத்து மெட்டா-ஆய்வு செய்பவர்கள் சுருக்கத்தை மட்டும் படித்துக் குறியிட்டால் பதினைந்து வயதுக்காரரையும் இருபது வயதுக்காரரையும் ஒரே கூடையில் போட்டுவிடுவார்கள். முறையியல் பகுதியில் எஸ்எம்பி (நடுநிலைப் பள்ளி), எஸ்எம்ஏ (மேல்நிலைப் பள்ளி), செமஸ்டர் (பல்கலைக்கழகம்) என்று எது இருக்கிறது என்று பாருங்கள்.

11 · அளவுகோல்

மதிப்பெண் பக்கம் யாரும் வரவில்லை. இந்தோனேசிய எழுத்து ஆய்வுகளில் அதிகம் கண்ணில் படும் அளவுகோல் ஜேக்கப்ஸ் குழுவினர் 1981-இல் தந்தது: உள்ளடக்கம் 30, அமைப்பு 20, சொல்வளம் 20, மொழிப் பயன்பாடு 25, எழுத்துக்கூட்டலும் நிறுத்தக்குறியும் 5. மொத்தம் 100.

அளவுகோலில் குறையில்லை, பயன்படுத்தும் விதத்தில் இருக்கிறது. இரண்டு மதிப்பீட்டாளர் வைத்து, பியர்சன் ஒட்டுறவு 0.9 வந்தது, நம்பகம் என்று எழுதுவார்கள். முதலாமவர் 60, 70, 80 போடுகிறார், இரண்டாமவர் 50, 60, 70 போடுகிறார் என்று வையுங்கள். பியர்சன் சரியாக 1. ஆனால் தேர்ச்சி எல்லை 75 என்றால் ஒருவர் கணக்கில் ஒருவர் தேறுகிறார், மற்றவர் கணக்கில் ஒருவரும் இல்லை. இரண்டு மதிப்பெண்களும் ஒரே நேர்கோட்டில் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்பதை மட்டுமே பியர்சன் பார்க்கும். மதிப்பெண்ணே ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் முழு ஒப்புமை வகை ஐசிசி (உள்வகுப்பு ஒட்டுறவு) போடுங்கள், கூடவே எத்தனை தாள்களில் வேறுபாடு 10-க்கு மேல் என்று ஒரு வரி எழுதுங்கள்.

இது வகுப்பறைச் செயலாய்வுகளில் இன்னும் வலிக்கும். கெம்மிஸ், மெக்டகார்ட் சுழற்சி (திட்டம், செயல், கவனிப்பு, மறுசிந்தனை) வைத்து, மதிப்பெண் குறைந்த வகுப்பைத் தேர்ந்து, முதல் சுழற்சியில் எல்லையைத் தொடவில்லை, இரண்டாம் சுழற்சியில் தொட்டது, முறை வென்றது என்று முடிப்பார்கள். குறைந்த மதிப்பெண்ணைப் பார்த்துத் தேர்ந்த வகுப்பு, எதுவும் செய்யாவிட்டாலும் அடுத்த முறை சற்று மேலே வரும். மேலும் மதிப்பெண் போடுவது முறையைப் புகுத்திய அதே ஆள், எந்தத் தாள் எந்தச் சுழற்சி என்று தெரிந்தே. தாள்களைத் தட்டச்சு செய்து, பெயரும் தேதியும் நீக்கி, முன் பின் தாள்களைக் கலந்து, வெளியாள் ஒருவரிடம் கொடுங்கள். இதற்குச் செலவு அதிகமில்லை.

முன் சோதனையில் 'என் வீடு', பின் சோதனையில் 'என் நண்பன்' என்று தலைப்பு மாறினால் வளர்ச்சி தலைப்பினாலா முறையினாலா என்று தெரியாது. ஒரே தலைப்பு என்றால் பழக்கத்தினால் ஏறும். பாதி வகுப்புக்கு முதலில் ஒன்று, மீதிப் பாதிக்கு மற்றது, பிறகு மாற்றுங்கள். நார்மாலிட்டி (இயல்நிலைப் பரவல்), ஹோமோஜெனிட்டி (சமமான சிதறல்) சோதனைகளுக்கு மூன்று பக்கம் ஒதுக்குபவர்கள் இதற்கு ஒரு வரி ஒதுக்குவதில்லை!

12 · புதுவரவு

பள்ளியில் இவர்கள் என்ன எழுதுகிறார்கள்? அங்கேயே கட்டுரை கற்றுத் தருவதில்லையா?

13 · ஏட்டுச்சுவடி

தருகிறார்கள், வேறு வகை. 2004 பாடத்திட்டம் முதல் உரைவகை அணுகுமுறை நுழைந்தது. மொழியியலாளர் ஹாலிடேயின் மரபு, ஆஸ்திரேலியா வழியாக வந்தது. விவரணை, நடந்ததைச் சொல்லல், கதை, செய்முறை, அறிக்கை, வாத உரை என்று வகைகள். நான்கு கட்டம்: களத்தை அறிதல், மாதிரியைப் பிரித்துப் பார்த்தல், சேர்ந்து எழுதுதல், தனியே எழுதுதல். பாண்டுங்கின் யுபிஐ (இந்தோனேசியக் கல்வியியல் பல்கலைக்கழகம்) பேராசிரியர் எமி எமிலியா இதைப் பல்கலைக்கழக மட்டத்தில் வாத எழுத்துக்குப் பயன்படுத்தி ஆய்ந்தவர்.

நடைமுறையில் மூன்றாம் கட்டம்தான் விழுங்கப்படும். 2013 பாடத்திட்டத்தில் மேல்நிலையில் கட்டாய ஆங்கிலம் வாரத்துக்கு 45 நிமிடம் வீதம் இரண்டு பாடவேளைதான் இருந்தது. அதில் வகுப்பு முழுவதும் சேர்ந்து ஒரு பத்தி கட்ட நேரம் எங்கே? மாதிரியைக் காட்டிவிட்டு நேரே தனியே எழுதச் சொல்லிவிடுகிறார்கள். கதையும் அனுபவ விவரணையும் பழகி வரும் மாணவர் முதலாண்டில் ஆதாரத்தோடு வாதிடச் சொன்னால் ஒரு சம்பவத்தைச் சொல்லி முடிக்கிறார். தொடக்கப் பள்ளியில் 2027/2028 முதல் ஆங்கிலம் கட்டாயப் பாடம் ஆகிறது. அதன் பலன் பல்கலைக்கழகத்தில் தெரிய வெகு காலம் ஆகும்.

பட்டம் பெறப் பல இடங்களில் கேட்கும் டோஃபல் ஐடிபி என்ற ஆங்கிலத் திறன் தேர்வையும் எழுத்துத் திறனாக எண்ணிவிடாதீர்கள். கேட்டல் 50 கேள்வி, அமைப்பும் எழுத்து வெளிப்பாடும் 40, வாசிப்பு 50. எல்லாம் தேர்ந்தெடுக்கும் விடை, ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை. 500 வாங்கியவர் ஒரு பத்தி எழுதத் திணறுவதில் முரண் இல்லை.

14 · பினாங்குத்தமிழ்

மேற்கோள் பெயர்களையும் யாராவது சொல்லுங்கள். முறையியல் நூல்களுக்காக அங்கே எல்லோரும் சுட்டும் சுகியோனோவுக்கு ஒரே பெயர்தான். மேற்கோள் மென்பொருள் குடும்பப்பெயர் பெட்டி காலி என்று அடம் பிடிக்க, 'சுகியோனோ, சு.' என்று ஒருவர், 'சுகியோனோ, சுகியோனோ' என்று இன்னொருவர். தந்தை பெயரை முதலெழுத்தாகப் போடும் நம் ஆட்களுக்கு இந்த வேதனை புரியும்.

15 · சொல்லேர்

ஒற்றைப் பெயரைக் குடும்பப்பெயர் பெட்டியில் மட்டும் போட்டு மற்றதைக் காலியாக விடுவதே சரி. மெண்டலே என்ற மேற்கோள் மென்பொருளில் அப்படிச் சேமித்துவிட்டு, இணையத்திலிருந்து தானாக இறங்கும் தகவல் அதை மாற்றிவிட்டதா என்று கடைசியில் ஒருமுறை பார்க்க வேண்டும்.

@தரவுக்கிளி, ஒரு சந்தேகம் பாக்கி. சாட்ஜிபிடி வந்த பிறகு வீட்டில் எழுதிவரச் சொன்ன கட்டுரையில் ஆர்ட்டிகிள் பிழையே இல்லை. இனி எதை எண்ணுவது?

16 · தரவுக்கிளி

வீட்டுக் கட்டுரையைப் பிழைத் தரவாக எடுக்காதீர்கள். வகுப்பில், கையால், 40 நிமிடம், கைபேசி மேசையில் கவிழ்ந்தபடி. தட்டச்சு செய்யும்போது மாணவரின் எழுத்துப் பிழையைத் திருத்திவிடாமல் இருக்க, வேர்டின் தானியங்கித் திருத்தத்தை முதலில் அணைத்துவிடுங்கள். அது இயங்கும்போது எழுத்துக்கூட்டல் பிழை தானே சரியாகிவிடுவதும் உண்டு, விட்ட பெரிய எழுத்து வந்து உட்காருவதும் உண்டு. நோட்பேடில் அடித்தாலும், புதிய பதிப்புகளில் தானியங்கித் திருத்தம் இருப்பதால், அதையும் அணைத்துவிடுங்கள்.

வீட்டுக் கட்டுரையும் வேண்டுமானால் அதை வேறு கேள்விக்கு வையுங்கள். வாக்கியங்கள் சுத்தமாக இருக்கும். முன்னுரையில் வெற்றிடம் காட்டப்பட்டிருக்கிறதா, சுட்டிய நூல் உண்மையில் இருக்கிறதா, அது அப்படிச் சொல்கிறதா என்று பார்க்கலாம். ஒரு கட்டுரைக்கு 3 மேற்கோளைத் தேர்ந்து மூலத்தைத் திறந்து பார்த்தாலே நிறையத் தெரியும்.